ஒரு தோலில் எத்தனை ஜோடி ஷூ? தொடக்கப் பள்ளியில் 'கணித மாதிரியாக்கம்' ஏன் தேவை?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோலுக்கு சதுர அடிக் கணக்கில்தான் விலை. இங்கே 5-ம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் என்ன ஆகும்?

கேள்வி 1: 20 சதுர அடி தோல் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவுக்கு 2 சதுர அடி வேண்டும். எத்தனை ஜோடி வரும்? வகுத்தால் 10. கணக்கு முடிஞ்சது.

கேள்வி 2: இதோ ஒரு தோல். இதில் எத்தனை ஜோடி வெட்டலாம்? இங்கேதான் சிக்கல். தோல் செவ்வகமாக இருக்காது. ஓரம் வளைந்திருக்கும், நடுவில் தழும்பு, ஓட்டை இருக்கும்.

கணித மாதிரியாக்கம் என்றால்?

இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் வழிதான் அது.

* எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என முடிவு செய்யணும்.
* தோலின் வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணணும்.
* ஷூ பாகங்களை அட்டையில் வெட்டி, மேலே அடுக்கிப் பார்க்கணும்.
* 10 ஜோடி என நினைத்தது 8 ஆகக் குறைந்தால், ஏன் என்று பேசி, கணக்கைத் திருத்தணும்.

மற்ற நாடுகளில்?

நிஜ வாழ்க்கைச் சூழலில் இருந்தே கணிதத்தைத் தொடங்கும் முறை, ஹான்ஸ் ஃபிராய்டெந்தால் முயற்சியால் 1970-களில் நெதர்லாந்தில் வளர்ந்தது. ஜெர்மனி 2004-ல் தொடக்கப் பள்ளிக் கணிதத் திறன்களில் ஒன்றாக மாதிரியாக்கத்தைச் சேர்த்தது. சிங்கப்பூர் 2007 பாடத்திட்டத்தில் கொண்டுவந்தது.

நமக்கு ஏன் முக்கியம்?

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவின் ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்த பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போன பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் ஆகுது, அப்படியென்றால் மணிக்கு என்ன கூலி விழுது? வகுத்தல் படித்த பிள்ளைக்கு அம்மாவின் இந்தக் கணக்கைப் போடத் தெரியலைன்னா, படித்ததற்கு என்ன பயன்?

தமிழ்நாட்டில் என்ன நிலை?

2022 ஜூனில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் செயல்பாடுகள் வழியாகவே கற்பிக்கிறது. மாதிரியாக்கத்துக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் ஒரே கேள்விக்குப் பல சரியான விடைகள் வரும்போது, அதைக் கேட்டு விவாதிக்க ஆசிரியருக்குப் பயிற்சியும் வகுப்பில் நேரமும் வேணும்.

பெற்றோர் இன்றே தொடங்கலாம். பிள்ளை விடை சொன்னதும், 'சரியா, தப்பா' என்பதோடு நிறுத்தாமல், 'நிஜத்துல இப்படி வருமா?' என்றும் கேட்டுப் பாருங்கள்.