என்ன மார்க் என்று கேட்டால்…

அம்பர்நாத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று இட்லி மாவு அரைத்து, உறைகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பி வருகிறது. தொழிலை விரிவாக்கக் கடன் கோரி எங்கள் கிளைக்கு வந்த அத்தம்பதியர், செலவு மதிப்பீட்டுடன் புதிய உறையின் மாதிரியையும் இணைத்திருந்தனர். குத்துவிளக்கு, தாமரை, அவற்றைச் சுற்றிக் கோலம், கீழே மூன்று மொழிகளில் பெயர் என ஏழு வண்ணங்களில் ஓர் இலச்சினை. அழகில் குறையொன்றும் இல்லை. அதனை நகலெடுக்கும் இயந்திரத்தில் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் எடுத்து மேசைமேல் வைத்தேன். விளக்கும் இல்லை, தாமரையும் இல்லை. ஒரு மைக்கறை மட்டுமே இருந்தது. கைப்பேசித் திரையிலும் ரசீதின் மூலையிலும் மக்கள் காணப்போவது ஏறத்தாழ அந்த அளவைத்தான்.

“அப்படியானால் எதைத்தான் போடுவது, சார்?” என்று அந்த அம்மையார் கேட்டார். எனக்குத் தீப்பெட்டி நினைவுக்கு வந்தது.

தீப்பெட்டிக்கும் இவ்வூருக்கும் நெடுநாள் உறவு உண்டு. ஸ்வீடன் நாட்டு மூலதனத்தில் தோன்றிய விம்கோ நிறுவனம் 1920களில் இங்குத் தொழிற்சாலை அமைத்தது. (சென்னைத் திருவொற்றியூரின் விம்கோ நகரும் அந்நிறுவனத்தால் பெயர் பெற்றதே.) அதே காலத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்யா நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர் ஒருவருக்கு அணிலும் மற்றவருக்குக் காக்கையும் அடையாளங்களாயின. எழுத்தறியாதவர் பெருகியிருந்த நாட்டில், வாங்குபவர் பெயரைப் படிக்க வேண்டியதில்லை; படத்தைச் சொல்லிக் கேட்டால் போதும். நாளடைவில் முதலாளிகளே அணில் அய்யா நாடார், காக்கா சண்முக நாடார் என அழைக்கப்படலாயினர். இலச்சினை என்றால் கண்ணுக்கு உரியது என்றே நாம் எண்ணுகிறோம். கடை வாசலில் அது வாய்க்கும் உரியது. ஒரே சொல்லில் கேட்க முடியாத படத்தைக் கடைக்காரர் எப்படித் தேடி எடுத்துத் தருவார்?

சுருக்கத்தின் வலிமைக்கு நம் பணமே சான்று. ‘ரூ.’ என்னும் சுருக்கத்தை ரூபாய் வழங்கும் அண்டை நாடுகளும் எழுதி வந்தன. நமக்கெனத் தனிக் குறியீடு இல்லை. நடுவணரசு நடத்திய போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறையில் ஆய்வு செய்த தமிழர் உதயகுமார் தர்மலிங்கத்தின் வடிவத்தை அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாயின; மேலே இரு கிடைக்கோடுகள், அவ்வளவே. பள்ளிப் பிள்ளையும் சில கோடுகளில் எழுதிவிடுகிறது.

வடிவம் கிடைத்த பின் அதைக் காக்க வேண்டும் என்பதைத் தொழில் செய்யும் வாடிக்கையாளர் பலர் மறந்துவிடுகின்றனர். அக்கம்பக்கத்தில் அதே போன்ற உறை விற்பனைக்கு வந்த பிறகே வழக்கறிஞரைத் தேடுகின்றனர். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். தனிநபரும் சிறு நிறுவனங்களும் இணையவழியில் விண்ணப்பிக்க, ஒரு பொருள் வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். அலுவலகம் தொலைவில் இல்லை; மாட்டுங்காவை அடுத்த அன்டாப் ஹில்லில் உள்ளது. அதே போன்ற குறியை முன்னரே எவரேனும் பதிந்துள்ளனரா என்று அதன் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதனைச் செய்வது நன்று. ‘சுவையான மாவு’ போன்ற பொதுச் சொற்களுக்கு மட்டும் எவரும் எளிதில் தனியுரிமை பெற இயலாது.

இரு வாரம் கழித்து அத்தம்பதியர் மீண்டும் வந்தனர். உறையில் ஓர் ஆட்டுக்கல், பச்சை நிறத்தில், தடித்த கோடுகளால் வரையப்பட்டிருந்தது. படிக்கத் தெரியாத மாமியாரிடம் காட்டினாராம் அம்மையார். “ஆட்டுக்கல் மார்க்கா?” என்று அவர் கேட்டாராம். ஏழு வண்ண அச்சு ஒரே வண்ணமானதால் மதிப்பீட்டில் மிச்சப்பட்ட தொகையை இன்னொரு கிரைண்டருக்கு ஒதுக்கியிருந்தனர். கடன் விண்ணப்பத்தில் அந்த வரியை மட்டும் திருத்திக் கையொப்பம் வாங்கினேன்.