சவுக்கும் வேம்பும்: மேட்டுக்காணிக்கு ஏற்ற காற்றுத்தடை மரம் எது?

வன்னிப் பெருநிலப்பரப்பில் சிறுபோகக் காலத்திலே மேட்டுக்காணியில் மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை முதலியவற்றைச் செய்கை பண்ணும் கமக்காரருக்குச் சோளகக் காற்றின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் இக்காற்று, வன்னியை அடையும்போது மழையற்ற வறண்ட காற்றாகவே இருக்கிறது. காலையில் இறைத்த நீரின் ஈரம் மறுநாள் வரை நிற்பதில்லை. மிளகாய்ப் பூ உதிர்கிறது. கத்தரி இலை நண்பகலில் வாடித் தொங்குகிறது. பந்தலில் ஏறிய பாகற்கொடி அறுந்து சுருள்கிறது. கிணற்று நீர் கீழே இறங்கும் அதே மாதங்களில்தான் பயிர் கூடுதலான நீரைக் கேட்கிறது. எனவே காற்றைத் தணிக்கும் மர வரிசையொன்று, உண்மையில் நீரைச் சேமிக்கும் ஒரு சாதனமேயாகும்.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, பல காணிகளில் முன்னிருந்த மரங்கள் நிற்கவில்லை. வெட்டவெளியாகக் கிடந்த காணிக்கு விரைவில் உயரும், எக்காலத்தும் பசுமையான மரமொன்று வேண்டுமென்று கருதுவோர் பெரும்பாலும் சவுக்கையே நினைக்கின்றனர். சிலர் நுவரெலியாப் பக்கத்திற் கண்ட சைப்பிரசு, பைன் ஆகிய ஊசியிலை மரங்களைக் கொண்டுவந்து நடவும் விரும்புகின்றனர். அவை மலைநாட்டின் குளிருக்கும் ஈரத்துக்கும் நடப்பட்டவை. முற்றத்தில் அழகுக்காக ஒன்றிரண்டை நீரூற்றி வளர்க்கலாமேயன்றி, சோளகத்துக்கு எதிரே வரிசையாக நிறுத்துவது வீண் செலவாகும்.

சவுக்கும் அந்த இனத்தைச் சேர்ந்ததென்று பலர் எண்ணுவது தவறு. ஊசிபோலத் தொங்குபவை அதன் இலைகள் அல்ல. கணுக்களுடைய பசிய சிறுகிளைகளே. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் சிறு பற்கள்போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காயும் பைன் மரத்தின் கூம்பைப் போலத் தோன்றினும், சவுக்கு பூக்கும் தாவர வகையையே சேர்ந்தது. கடலோரமே அதன் தாயகம். தென்னிந்தியாவின் கிழக்குக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் புகையிரதங்களுக்கு விறகு வேண்டி அது பெருந்தோட்டமாக நடப்பட்டது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுச் சவுக்கங்காட்டைக் கண்டோர், அலையும் மணலை அது எவ்வாறு கட்டிப்பிடிக்கிறதென்பதை அறிவர்.

மணலிலே அது செழிப்பதற்குக் காரணம் வேரில் உள்ளது. பயற்றை வேரிற் போலச் சவுக்கின் வேரிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஆதலால் எருவற்ற வெண்மணலிலும், உப்புக் காற்றிலும் அது வளரும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அளம்பில், செம்மலை போன்ற மணற்பாங்கான இடங்களில், நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லாத காணிகளுக்கு, சவுக்குக்கு நிகரான காற்றுத்தடை மரம் வேறில்லை என்றே கூறலாம். அதன் சிறுகிளைகள் காற்றை முற்றாக மறிக்காமல் வடிகட்டி விடுகின்றன. சுவர்போல் மறித்தால் காற்று மேலேறி அப்பாற் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். ஏறக்குறைய அரைவாசிக் காற்று ஊடுருவிச் செல்லும் தடையே நல்ல தடை.

ஆனால் கரையிலிருந்து உள்ளே, கிளிநொச்சி, முத்தையன்கட்டு, வவுனியாப் பகுதிகளின் செங்கபில மண்ணுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இம்மண் கோடையில் இறுகிக் கல்லாகும். மாரியில் பள்ளமான இடங்களில் நீர் தேங்கும். இவை இரண்டையும் இளஞ்சவுக்கு விரும்புவதில்லை. முதற் கோடையில் நீர் தவறினால் கன்றுகள் கருகும். வலுவிழந்த கன்றிற் கறையானும் ஏறும். இன்னொரு குறையும் உண்டு. இச்சவுக்கை அடியில் வெட்டினால் நன்றாகத் தழைப்பதில்லை. விறகுக்கோ கம்புக்கோ வரிசையை வெட்டியவர் மீண்டும் கன்று நட்டே தீரவேண்டும். கீழே உதிரும் சருகு தடித்த மெத்தையாகப் படிவதால் அவ்விடத்திற் புல்லும் முளையாது. கோடையில் தீப்பற்றினால் மரம் தப்புவதும் அரிது. விறகாக எரிப்பதற்கு மிகச் சிறந்ததாயினும், தார் பூசாமற் பந்தற்காலாக நட்டால் நெடுநாள் நில்லாது.

வேம்பு இதற்கு மாறான இயல்புடையது. விரைவிற் சவுக்கு முந்தும். நிலைத்து நிற்பதில் வேம்பே முந்தும். அதன் ஆணிவேர் ஆழச் செல்வதால், முதல் ஓராண்டைக் கடந்துவிட்ட கன்று பின்னர் நீரின்றியும் கோடையைத் தாங்கும். மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்து உடனேயே துளிர்த்துப் பூத்துவிடும். சோளகம் தொடங்கும்போது மரம் முழு இலையோடு நிற்கும். காற்றுத்தடை மரத்துக்கு இதைவிட வேண்டப்படும் குணம் வேறில்லை. கிளையை வெட்டினாலும் அடியில் வெட்டினாலும் தழைக்கும். வெட்டிய குழையைத் தாட்டால் பசளையாகும். விதையும் பயன்படும். ஓடு நீக்கிய வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலை வேளையிலே தெளித்தால், இலை தின்னும் புழுக்களும் அழுக்கணவனும் குறையும். வெயிலில் அதன் வீரியம் கெடும் ஆதலால் வெயில் வேளையில் தெளிப்பது பயன் குறைந்தது.

வேம்புக்கும் குறை இல்லாமலில்லை. நீர் தேங்கும் நிலத்தில் அதுவும் வாடும். அதன் நிழல் அடர்த்தியானது. வேர் பக்கவாட்டிலும் பரவும். வளர்ந்த மரத்தின் அடி வெறுமையாகிவிடுவதால், காற்று கீழே புகுந்து முன்னிலும் விரைந்து வீசக்கூடும். இதற்காக வரிசையின் வெளிப்புறத்தில் ஆடாதோடை அல்லது கிளிசரிடியாத் தடிகளை நெருக்கமாக ஊன்றி வேலியாக்குதல் வேண்டும். ஆடாதோடையைக் கால்நடை கடிப்பதில்லை என்பதால் கட்டாக்காலி மாடுகள் உள்ள ஊர்களுக்கு அதுவே உகந்தது.

ஆகவே மணற்கரைக்குச் சவுக்கு, உள்நாட்டு மேட்டுக்காணிக்கு வேம்பு என்பதே முடிவு. உள்நாட்டிற் சவுக்கை விரும்புவோர், முதலிரண்டு கோடைக்கு நீரூற்ற இயலுமாயின் மட்டும், வேம்பு வரிசைக்கு முன்னால் ஒரு தற்காலிக வரிசையாக நடலாம்; வேம்பு உயர்ந்தபின் அதை வெட்டி விறகாக்கலாம்.

மரத்தை எங்கே நிறுத்துவது என்பது எம்மரத்தை நடுவது என்பதற்குக் குறைந்ததன்று. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் காணியின் மேற்கு, தெற்கு எல்லைகளிலேயே வரிசை அமைதல் வேண்டும். மரத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரம் வரை காற்று தணியும். சதுரமான ஓர் ஏக்கர்க் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடியாகும். ஆகவே 20 அடி உயர வரிசை ஏறக்குறைய முழு ஏக்கரையும் காக்கும். வேம்பை 10 அடி இடைவெளியில் நடின் இரு பக்கத்துக்கும் 42 கன்றுகளளவிற் போதும். சவுக்கை 6 அடிக்கு ஒன்றாக நடின் 70 கன்றுகள் வேண்டும். அவ்வரிசையிற் படலையை வைக்கலாகாது. இடைவெளி விட்ட இடத்தில் காற்று ஒடுங்கிப் பாய்ந்து, தடையில்லாக் காணியிலும் பார்க்கக் கூடுதலான சேதம் விளைக்கும். கிணற்றிலிருந்து 30 அடியாவது விலகி நடுதல் நன்று. வேர் கிணற்றுச் சுவரைப் பிளக்கும், சருகு நீரைக் கெடுக்கும்.

வயல் வரம்பில் இவ்விரண்டும் வேண்டாம். நிழல் விழும் நெல்லிற் பதர் கூடும்; மரத்தில் தங்கும் பறவைகள் கதிரைக் கொத்தும்.

வேப்பம்பழம் ஆனி, ஆடியிற் பழுத்து விழும். விதையின் முளைக்கும் ஆற்றல் சில வாரங்களில் அழிந்துவிடும். ஆகையால் பழத்தைப் பிசைந்து தோலையும் சதையையும் நீக்கி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உடனேயே பொலித்தீன் பைகளில் ஊன்றுதல் வேண்டும். அடுத்த ஆண்டுக்கென்று சேமித்த விதை முளைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அக்கன்றுகள் நடுவதற்குத் தயாராகிவிடும். காகம் இட்ட விதையால் வேலியோரத்தில் முளைத்த கன்றுகளையும், ஒரு சாணுக்கு மேல் வளருமுன், மழை நாளில் மண்ணோடு பெயர்த்து நடலாம்.

சவுக்கு விதை மிக நுண்ணியது. வைகாசியில் மணல் கலந்த மேடையிலே தூவி, மெல்லிய மணலால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிச் சென்றுவிடும் ஆதலால் மேடையைச் சுற்றிச் சாம்பல் இடுவது நன்று. பழைய சவுக்கு மரத்தின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை எடுத்து மேடையிற் கலந்தால் வேர் முடிச்சுக்குரிய நுண்ணுயிர் அதனோடு வந்துசேரும். இதைச் செய்யாத கன்றுகள் மஞ்சளாகிக் குன்றி நிற்பதுண்டு. ஒன்றரை அடி உயர்ந்த கன்றுகளை மாரியில் நடலாம்.

குழி இரு மரத்துக்கும் ஒன்றரை அடி ஆழம், அகலம் போதும். அடியில் உக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து இடுக. காட்டோரக் காணிகளிற் கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகாத இடத்தில் மண்வெட்டியை வைக்கலாகாது. மாரி முடிந்தபின், தை தொடக்கம் அடுத்த மழை வரை, வாரத்துக்கு ஒரு முறை கன்றுக்கு ஒரு வாளி நீரும், அடியிற் சருகு மூடாக்கும் வேண்டும். ஆடு கடித்த கன்று பிழைப்பினும் நேராக உயராது; ஆதலால் முதலிரண்டு ஆண்டு முட்கூடு அவசியம். பட்டுப்போன கன்றின் இடத்தை அடுத்த மாரியிலேயே நிரப்புக.

மரம் ஐந்து ஆண்டு கண்டபின், பயிர்ப் பாத்தியை வரிசையிலிருந்து 12 அடியாவது தள்ளி அமைத்து, இடைநிலத்தை நாற்றுமேடைக்கும் எருக்குழிக்கும் ஒதுக்கலாம். ஆண்டுதோறும் சிறுபோகத்துக்கு முன் பங்குனியில், வரிசையின் உட்புறத்தில் 6 அடி தள்ளி, இரண்டடி ஆழமான கான் வெட்டி, பாத்தியை நோக்கி ஓடும் வேர்களைத் துண்டித்து, அக்கானைக் குழையால் நிரப்பி மூடுதல் வேண்டும். வேப்பங் கிளைகளைக் கவ்வாத்துச் செய்வதாயின் சோளகம் ஓய்ந்த பின் ஐப்பசியிற் செய்க. ஒரே ஆண்டில் எல்லா மரங்களையும் வெட்டாது, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டுக.