காற்றைக் கலைக்காமல் காண்பது எப்படி?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்று, ஒரு பேருந்து கடந்து போவதைக் கவனித்திருக்கிறீர்களா? பேருந்து போனதும் சாலையோரப் புழுதி கிளம்புகிறது. ஆனால் அது பின்பக்கமாகப் பறந்து போய்விடுவதில்லை. பேருந்தின் முதுகை ஒட்டிச் சுழல்கிறது. அதில் ஒரு பகுதி பேருந்தைத் துரத்திக்கொண்டும் ஓடுகிறது. காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது போகும் வழியைப் புழுதி நமக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சரி, புழுதியே இல்லாத ஓர் அறையில் காற்று எப்படி ஓடுகிறது என்று காண வேண்டுமானால் என்ன செய்வது? வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி அன்று இது. ஒருவருடைய பார்வையே இதைப் பொறுத்து அமையலாம்.

தூசி புகாத அறை

உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கண்புரை அறுவை நடந்திருக்கலாம். புரை விழுந்த லென்சை அகற்றிவிட்டு, விழிக்குள் ஒரு செயற்கை லென்சை மருத்துவர் வைக்கிறார். அதில் ஒளி புகும் பகுதியின் விட்டம் ஏறக்குறைய 6 மி.மீ.தான். மதுரையில் 1992-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் இத்தகைய லென்சுகளைத் தயாரிக்கிறது. இவை போன்ற பொருள்களைத் தயாரித்து உறையிடுவதற்கென்றே ‘தூய்மை அறை’கள் உள்ளன. உறைக்குள் ஒரு தூசி அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும்? பின்னர் எவ்வளவுதான் கிருமி நீக்கம் செய்தாலும், கிருமி சாகுமே தவிர, தூசி தூசியாகவே இருக்கும்.

நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பன்னாட்டுத் தர அளவின் 5-ஆம் வகுப்புத் தூய்மை அறையிலோ இத்தகைய துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது.

இதைச் சாத்தியமாக்கியவர் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்டு. 1960-களின் தொடக்கத்தில் அவர் ஓர் எளிய வழியைக் கண்டார். தூசியைத் துடைத்துத் துடைத்து மாளாது. காற்றையே துடைப்பமாக்கிவிட்டால் என்ன? நுண்வடிகட்டியின் வழியே வரும் காற்று ஒரே திசையில், வினாடிக்குச் சுமார் 45 செ.மீ. வேகத்தில், சீராக ஓடும். துகள் எங்கே தோன்றினாலும் உடனே அதை அடித்துக்கொண்டு போய்விடும். பாடத்தில் நீங்கள் படிக்கும் வரிச்சீர் ஓட்டத்தை ஒத்த ஓட்டம் இது.

கையும் ஒரு பேருந்துதான்

சிக்கல் எங்கே வருகிறது? ஊழியர் ஒருவர் லென்சுக்கு மேலாகக் கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து இறங்கும் காற்று கையில் மோதிப் பிரிகிறது. கைக்குக் கீழே, பேருந்தின் பின்னால் கண்ட அதே சுழல் தோன்றுகிறது. சட்டைக் கையிலிருந்து உதிர்ந்த துகள் அந்தச் சுழலில் சிக்கினால், வெளியேறாமல் லென்சின் மேலேயே வட்டமிடும். போதாக்குறைக்கு, உடலின் வெப்பத்தால் அருகிலுள்ள காற்று மேலெழப் பார்க்கிறது.

துகளை எண்ணும் கருவி ‘எத்தனை’ என்று சொல்லும். ‘எந்த வழியாக’ என்று சொல்லாது. வழியை அறியக் காற்றைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஊதுவத்தி உதவுமா?

ஊதுவத்திப் புகையை விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டில் போதும், இங்கே போதாது. முதலாவது, அந்தப் புகை சூடானது. கொஞ்ச தூரம் அது தன் சொந்த வெப்பத்தால் ஏறுகிறதே தவிர, அறைக்காற்றின் போக்கில் போவதில்லை. இரண்டாவது, சாம்பலும் பிசுக்கும் அறையில் படியும். அறை தூய்மையாக இருக்கிறதா என்று பார்க்கப் போய், அதை நாமே அழுக்காக்கியதாக முடியும்.

ஆகவே நமக்கு வேண்டிய பொருளுக்கு மூன்று குணங்கள் தேவை: காற்றோடு போக வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிறகு சுவடில்லாமல் மறைய வேண்டும். மூன்றும் உள்ள பொருள் மூடுபனி! மிகத் தூய நீரை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாகச் சிதறச் செய்வர். அல்லது −196 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரஜனையும் நீராவியையும் சேர்த்துப் பனியை உண்டாக்குவர். வெண்ணிறப் பனி காற்றோடு ஓடுவதைப் படம் பிடிப்பர். சிறிது நேரத்தில் துளிகள் ஆவியாகிவிடும். நீர் தூயதானால் கறையும் மிஞ்சாது.

துளி காற்றோடுதான் போகிறதா, அல்லது தன் எடையால் விழுகிறதா? ஸ்டோக்ஸ் விதி விடை சொல்லும். காற்றில் விழும் துளியின் முற்றுத்திசைவேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரான் நீர்த்துளி வினாடிக்கு 3 மி.மீ. விழும். அறைக்காற்றின் 450 மி.மீ. வேகத்தோடு ஒப்பிட்டால் இது 150-இல் ஒரு பங்கு, பொருட்படுத்த வேண்டாம். 100 மைக்ரான் துளியானால்? விட்டம் பத்து மடங்கு. வேகம் நூறு மடங்கு, அதாவது 30 செ.மீ. (இந்த அளவில் விதி சற்றே பிசகுவதால் உண்மையில் சுமார் 25 செ.மீ.) அத்துளி காட்டுவது காற்றின் பாதையை அன்று, தன் பாதையைத்தான்.

பனியும் பிழை செய்யும்

நுண்துளிப் பனியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்குகிறது. குழாயிலிருந்து பனியை வேகமாகப் பீய்ச்சினால் நாம் காண்பது நாமே உண்டாக்கிய காற்றை. எனவே பனியைக் குறைவாக, அறைக்காற்றின் வேகத்திலேயே, மெல்ல விட வேண்டும். விடுபவரும் காற்று வரும் பக்கத்தை மறைக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

எதையும் சேர்க்காமலே காணவும் ஒரு வழி உண்டு. கோடை நண்பகலில் அதே நெடுஞ்சாலையில் கானல் நீரையும், தார்ச்சாலைக்கு மேலே காட்சிகள் நெளிவதையும் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றின் ஒளிவிலகல் எண் சற்றே குறைவு என்பதே காரணம். இதே தத்துவத்தைக் கொண்டு 1864-இல் ஜெர்மன் விஞ்ஞானி டோப்லர் வகுத்த ‘ஷ்லீரன்’ முறையில், கையிலிருந்து எழும் வெப்பக் காற்றைக்கூடக் காணலாம். ஆனால் எங்கும் ஒரே வெப்பநிலையில் ஓடும் காற்று இதில் தென்படாது. ஒவ்வொரு முறைக்கும் ஓர் எல்லை உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு குச்சியின் நுனியில் ஒரு சாண் நீளத் தையல் நூல் இழையைக் கட்டுங்கள். மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அதன் முன்னே ஒரு மீட்டர் தள்ளிக் கனமான புத்தகம் ஒன்றை நிறுத்துங்கள். புத்தகத்தின் பின்னால், அதை ஒட்டினாற்போல் இழையைப் பிடித்துப் பாருங்கள். இழை விசிறிக்கு எதிர்ப்புறமாகப் பறக்கிறதா, புத்தகத்தை நோக்கித் திரும்புகிறதா? புத்தகத்தை எடுத்துவிட்டு உருண்டையான ஒரு புட்டியை வைத்தால் என்ன மாறுகிறது? குச்சியைப் பிடித்திருக்கும் உங்கள் கை காற்றை மறிக்காத இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். எந்த அளவீட்டிலும் விஞ்ஞானி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது: நான் காண்பது அங்கே முன்பே இருந்ததா, அல்லது காணப் போன நான் உண்டாக்கியதா?