உப்புக்குச் சர்க்கரை துணை

வாந்திபேதி கண்ட நோயாளி தாகத்தால் தவிக்கிறான். கொடுக்கும் நீர் உடலில் சேருவதில்லை. வெறும் உப்பு நீரும் அப்படியே கழிந்து போகிறது. குடல் நிறைய நீர் இருந்தும் உடல் வறண்டு மடியும் இவ்விந்தைக்கு விடை, குடலின் உட்புறத்தே அமைந்த உயிரணுக்களின் சவ்வில் இருக்கிறது. நம் இல்லங்கள்தோறும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

அச்சவ்வு கொழுப்புப் பொருளாலான ஈரடுக்கு. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் கூறாக்கினால் ஒரு கூற்றின் பருமன்கூட அதற்கில்லை. ஆயினும் அதன் கண்டிப்பு பெரிது. பிராணவாயு தடையின்றி அதனைக் கடக்கும். உப்பின் கூறாகிய சோடியமோ மின்னேற்றம் உடையது. கொழுப்பை ஊடுருவ அதனால் இயலாது. புரதத்தாலான தனி வாயில்கள் வழியாகவே அது நுழைய வேண்டும். உயிரணுவுக்குள் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. வெளியே நிலைமை நேர்மாறு. இவ்வேற்றத்தாழ்வைக் காக்க உயிரணு தன் ஆற்றலில் கணிசமான பங்கைச் செலவிடுகிறது. சவ்வு யாவற்றையும் கடக்க விடுமாயின் இவ்வேற்றத்தாழ்வு அழியும். நரம்பு உணராது, இதயம் துடிக்காது.

காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே முயலின் குடலைக் கொண்டு நிறுவினார். அந்நஞ்சினால் குளோரைடு வெளியேறும் வாயில்கள் திறந்தபடியே இருக்க, நீரும் அதனைப் பின்தொடர்ந்து வெளியேறுகிறது. ஆனால் ஒரு வாயிலை மட்டும் நஞ்சு தீண்டுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். இவ்விணைப்பை 1960இல் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். உப்பும் சர்க்கரையும் உட்புகுந்தால் நீரும் உடன் புகும். அவ்வளவுதான் சூட்சுமம்!

1968இல் டாக்காவில் நோயாளிகளிடம் தேறிய இம்முறைக்கு உண்மைச் சோதனை 1971இல் வந்தது. கிழக்கு வங்காளத்து அகதிகள் நிறைந்த போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனபீஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனக் கலந்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது 2023இல். அவர் மறைந்த பிறகு. இத்தாமதம் நமக்கு வருத்தமே.

மருந்துக் கடைகளில் இவ்வுப்புப் பொட்டலம் மலிவாகக் கிடைக்கிறது. அது கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். இனிப்புக்காகச் சர்க்கரையைக் கூட்டலாகாது. மிகுந்த சர்க்கரை நீரைக் குடலுக்குள்ளேயே இழுத்துவிடும். புட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் உதவாமைக்கும் இதுவே காரணம். உப்பு மிகுந்தாலோ குழந்தைக்கு ஆபத்து. நம் பாட்டிமார் கொடுத்த உப்பிட்ட கஞ்சிக்கும் இங்கே இடமுண்டு. அரிசியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாகவே உடைகிறது. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்குப் பாலை நிறுத்தலாகாது. கண்கள் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.