புதுப்பேட்டையில் வாங்கிய காயில்: குறையைக் கண்டறிவது எப்படி?

ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிக்கும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தார். அவரிடம் 1980களில் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிறது. அத்தாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது அதில்தான். முழங்காலை மடக்க முடியாத அவருக்கு அந்த அகலமான பின் இருக்கைதான் வசதி. இக்னிஷன் காயில் பழுதானபோது புதுப்பேட்டையில் பழைய காயில் ஒன்றை வாங்கி மாட்டினார். கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது சரியாகவே காட்டியது. ஆனால் இருபது நிமிடம் ஓடியதும் வண்டி நின்றுவிடுகிறது. ஆறியபின் தானே கிளம்புகிறது. ஒரு நாள் சிகிச்சை முடிந்து தளர்ந்துபோயிருந்த அத்தாவுடன் கிரீன்வேஸ் சாலை ஓரத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. "ஹஜ்ரத், இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்டார்.

பொருளை அறியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நமக்கோ காயில் என்றால் என்னவென்றே தெரியாது. எனவே அவருடனும் அவருடைய மெக்கானிக்குடனும் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தைக் கடந்து புதுப்பேட்டைக்குப் போனோம். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் அதன் பாகங்களைத் தேடுவோருக்கு இந்தச் சந்தை இன்னும் தேவைப்படுகிறது.

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயிலின் வேலை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செம்புச் சுருள்கள், சுற்றிலும் எண்ணெய். வாங்கும்போது முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்: டப்பா நசுங்கியிருக்கிறதா, மூடி சேரும் விளிம்பில் எண்ணெய்க் கசிவு உண்டா, மேல் மூடியில் விரிசல் உண்டா? புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய காயிலைக் கண்டால் மெக்கானிக் தொடவே இல்லை; கசிவை மறைக்கத்தான் பெயின்ட் என்றார். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அது நமக்கு அங்கேயே நினைவுக்கு வந்தது.

அடுத்தது மீட்டர். இரண்டு சிறு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 3 ஓம் வர வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது பல்லாஸ்ட் ரெசிஸ்டருடன் ஓட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால் பாயிண்டும் கருகும், காயிலும் கொதிக்கும். சிறு முனையிலிருந்து நடுக் கோபுரத்துக்குச் சில ஆயிரம் ஓம் இருக்கும். முனைக்கும் டப்பாவுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

இத்தனையிலும் தேறிய காயில்தான் நம் சகோதரரைச் சாலையில் நிறுத்தியது. காரணம், சுருளின் மேலுள்ள மெல்லிய காப்புப் பூச்சு நலிந்திருந்தால் சூட்டில்தான் அது விட்டுக்கொடுக்கும். குளிர்ந்த காயிலை எத்தனை முறை அளந்தாலும் அந்தக் குறை தெரியாது.

டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியல்ல. அதன் குறைகள் பெரும்பாலும் கைக்கே சிக்கிவிடும். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், டைமிங் நிலைக்காது. ரோட்டரைச் சுழலும் திசையில் திருப்பி விட்டால் ஸ்பிரிங்கால் தானே திரும்ப வேண்டும். வேக்குவம் குழாயில் ஒரு ரப்பர் டியூப்பை மாட்டி உறிஞ்சினால் உள்தட்டு நகர்ந்து, பிடித்து நிற்க வேண்டும். கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டினால், முனைகளுக்கு இடையே பென்சிலால் கீறியது போன்ற கறுப்புக் கோடு தெரியலாம். அது மின்சாரம் கசிந்த தடம், துடைத்தாலும் பயனில்லை. கடற்கரையை ஒட்டி வாழும் நம் பகுதி வண்டிகளிலிருந்து கழற்றியவற்றில் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பையும் கவனிக்க வேண்டும். பாயிண்ட், கண்டென்சர், பிளக் மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். மிச்சமாகும் பணம் சொற்பம்.

புதிய ரகக் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் இருக்கும். உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் பலவற்றை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வண்டியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். சாவியுடன் விற்கப்படும் இக்னிஷன் லாக்கில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இம்மொபிலைசர் உள்ள வண்டியில் வேறு வண்டியின் சாவி ஸ்டார்ட் ஆக்காது. தவிர, எந்த வண்டியில் கழற்றியது என்று பில்லில் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்கீழ் குற்றம், மார்க்கத்திலும் ஹராம்.

இனி சகோதரரின் கேள்வி. "கேரண்டி கிடையாது" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றிருக்கிறார். ஹனஃபி மத்ஹபில், எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று சொல்லி விற்பது செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய பொருளுக்கு அந்த நிபந்தனை விற்றவரை விடுவிக்காது. பழைய குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் குறை தெரிந்தவுடன் தாமதிக்கக் கூடாது, தொடர்ந்து பயன்படுத்தவும் கூடாது. குறை தெரிந்தே மறைத்து விற்றால் இரு மத்ஹபிலும் பாவம்தான்.

நம் சகோதரர் ஷாஃபிஈ. அவரோ குறை தெரிந்தபின்னும் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். உரிமையாகக் கேட்க இடமில்லை, வேண்டுகோளாகக் கேட்கலாம் என்றோம். கடைக்காரர் வாக்குவாதம் செய்யவில்லை; வேறொரு காயிலை எடுத்து வைத்தார். இம்முறை பேரத்தின்போதே மூன்று நாள் தவணை பேசிக்கொண்டார்கள். சரியில்லை என்றால் பணம் வாபஸ். ஃபிக்ஹு நூல்கள் கியாருஷ் ஷர்த் என்று சொல்வது இதைத்தான். இரு மத்ஹபிலும் அதற்கு மூன்று நாள்தான் எல்லை.

அன்று மாலையே எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓட விட்டு, கை வைக்க முடியாத சூட்டில் காயிலைக் கழற்றி அளந்தார்கள். கடையில் 3.0 ஓம் காட்டியது இப்போது 3.4, சூட்டில் இந்த அளவு கூடுவது இயல்பு. வண்டி நிற்கவில்லை. மறுநாள் அத்தாவின் டயாலிசிஸுக்கு அதிலேயே போனார்கள்.