உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடந்த கிட்டாரின் வயது

அசோக் நகர் வீட்டுப் பரணிலிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இறங்கினால், அதன் தலையில் உள்ள பெயரை அவசரமாகப் படித்துவிடாதீர்கள். கிப்ஸன் அமெரிக்கா, கிவ்ஸன் நம் கொல்கத்தா. ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையில் மலைக்கும் மடுவுக்கும்!

பெயரைவிட எண்கள் நாணயமானவை. 1970களின் பிற்பாதியில் வந்த ஜப்பானிய ஐபனீஸ் கிட்டாரில் வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 'எஃப் 78' என்று தொடங்கினால் 1978 ஜூன். அமெரிக்கக் கிட்டாராக இருந்தால் உள்ளே வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் 'பாட்' என்ற பாகத்தின் முதுகைப் பாருங்கள். 1377633 என்றிருந்தால் 137 என்பது அதைத் தயாரித்த சி.டி.எஸ். நிறுவனம், 76 என்பது ஆண்டு, 33 என்பது வாரம். பாட்டை யாராவது பிறகு மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது தந்தியை முறுக்கும் கீ. வீணையின் பிரடை மர உராய்வில் நிற்கிறது. கிட்டார் கீக்குள் பல்சக்கரம். 14:1 என்றால் கீயை 14 சுற்று திருப்பினால் தந்தி சுற்றும் தண்டு ஒரு சுற்று. 18:1 என்றால் சுருதியை இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கலாம்.

சென்னையின் ஈரக்காற்றில் துருவேறிய கீயை மாற்றும் முன் அது உட்காரும் துளையை அளந்துவிடுங்கள். பழையவற்றில் பெரும்பாலும் 8.5 மி.மீ. விட்டம், புதியவற்றில் 10. பழைய அளவிலேயே புதுக் கீ கிடைக்கிறது. மரத்தைக் குடைய வேண்டாம். சுருதி நழுவுவது பல நேரம் கீயாலல்ல, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் 'நட்'டின் பள்ளத்தில் தந்தி சிக்குவதால்தான். முதலில் அங்கே பென்சில் கரியைத் தடவிப் பாருங்கள். கழற்றிய கீக்களைத் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.