லினக்சு கணிப்பொறியில் இரண்டாம் மேசைமுகப்பு – ஒரு விளக்கம்

தோற்றுவாய்

திருக்குறள் ஒன்றே, அதற்கு எழுந்த உரைகளோ பல. மணக்குடவர் உரையைப் பயின்ற மாணவர் பரிமேலழகர் உரையையும் வாங்கித் தம் அலமாரியில் வைத்துக்கொள்வதால் மூலம் மாறிவிடுவதில்லை. முன்னைய உரையைக் களைய வேண்டிய கட்டாயமும் இல்லை. லினக்சு இயங்குதளம் கொண்ட கணிப்பொறியிலும் இத்தகையதொரு நிலை உண்டு. அதன் உள்ளியக்கம் ஒன்றாக இருக்க, நாம் திரையில் கண்டு கையாளும் முகப்பு பலவாக அமையலாம். இருக்கும் முகப்பை நீக்காமல் இரண்டாவதொன்றை நிறுவும் முறையினையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இதனை அறிய வேண்டிய தேவை யாது எனலாம். கல்லூரி ஆய்வகங்களிலும் மாணவர் இல்லங்களிலும் ஆண்டு பல கடந்த கணிப்பொறிகள் உள்ளன. மெதுவாக இயங்குகின்றன என்னும் ஒரே காரணத்தால் அவை மூலையில் ஒதுக்கப்பெறுகின்றன. பல வேளைகளில் குறை பொறியில் இல்லை. அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய முகப்பில் உள்ளது. முகப்பை மாற்றினால் அப்பொறி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். புதிய பொறி வாங்க வசதியில்லாத மாணவர்க்கு இது சிறிய செய்தி அன்று.

மேசைமுகப்பு யாது?

டெஸ்க்டாப் என்று வழங்குவதனை ஈண்டு மேசைமுகப்பு என்போம். அது ஒரு தனிப்பொருள் அன்று. பல உறுப்புகளின் கூட்டு. சாளரங்களை வரைந்து நகர்த்துவது ஓர் உறுப்பு. பட்டியும் கடிகாரமும் தாங்கும் பலகை மற்றோர் உறுப்பு. கோப்புகளைக் காட்டுவது பிறிதொன்று. எழுத்துரு, நிறம், ஒலி ஆகியவற்றை அமைப்பது இன்னுமொன்று. இவை அனைத்தும் லினக்சு கருவின்மேல் தனித்து நிற்கும் நிரல்கள். ஆதலின் இவற்றை மாற்றினாலும் கருவோ, நம் கோப்புகளோ மாறுவதில்லை. ஓர் இயங்குதளத்தைக் களைந்து வேறொன்றை நிறுவுவதற்கும், ஒரே இயங்குதளத்தில் இரண்டாம் முகப்பைச் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பல முகப்புகள் தோன்றிய வரலாறு

லினக்சு கரு 1991இல் பின்லாந்தின் லினசு டோர்வால்ட்சு அவர்களால் வெளியிடப்பெற்றது. பொதுமக்கள் எளிதிற் கையாளத்தக்க முழுமையானதொரு முகப்பு அதற்கு வேண்டும் என்று 1996 அக்டோபரில் செருமானிய மாணவர் மத்தியாசு எட்ரிச் அறிவித்துத் தொடங்கிய திட்டமே கேடிஈ. அது கியூட்டி என்னும் நிரற்கருவியின்மேல் எழுந்தது. அக்கருவி அந்நாளில் முழு உரிமை தரும் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்பெறவில்லை. இக்குறையை நீக்கவே 1997 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டவராகிய மிகேல் டி இகாசாவும் பெடரிக்கோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். கியூட்டிக்குப் பின்னர்க் கட்டற்ற உரிமம் கிடைத்தது. ஆயினும் இரு முகப்புகளும் நிலைத்துவிட்டன. அதே காலத்தில் பிரான்சின் ஒலிவியர் போர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, குறைந்த நினைவகத்தில் விரைந்து இயங்குவதனைத் தன் நோக்கமாகக் கொண்டது.

2011இல் க்னோமின் மூன்றாம் பதிப்பு பழைய அமைப்பைப் பெரிதும் மாற்றியது. அதனை விரும்பாதோர் பழைய வடிவினைக் காத்து ‘மாட்டே’ என்னும் புதிய கிளையை உருவாக்கினர். டோர்வால்ட்சு அவர்களே அவ்வாண்டில் எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். பின்னர் மீண்டும் க்னோமுக்கே திரும்பினார். போகவும் திரும்பவும் வழி இருந்தது என்பதே இதில் கருதத்தக்கது.

நிறுவும் முறை

உபுண்டு 24.04 பதிப்பினைச் சான்றாகக் கொள்வோம். அதன் இயல்பான முகப்பு க்னோம். அதற்குப் பரிந்துரைக்கப்பெறும் நினைவகம் 4 ஜிபி. அவ்வளவே உள்ள, அல்லது அதனினும் குறைந்த பொறியில் எக்ஸ்எஃப்சிஇ முகப்பைச் சேர்க்க எண்ணுகிறோம் எனக் கொள்க.

முதற்கண் இன்றியமையாக் கோப்புகளுக்குப் படி எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டில் இடம் உள்ளதா என்றும் நோக்க வேண்டும். அடுத்து டெர்மினலைத் திறந்து தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின், மேலாளர் அதிகாரம் தரும் ‘சூடோ’, தொகுப்புகளைக் கொணரும் ‘ஆப்ட்’, நிறுவுக எனப் பொருள்படும் ‘இன்ஸ்டால்’, தொகுப்பின் பெயர் ஆகிய நான்கனையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கடவுச்சொல்லை இடுங்கால் திரையில் எதுவும் தோன்றாது, அது பழுதன்று.

தொகுப்பின் பெயரைத் தேர்வதில் இரு வழிகள் உள்ளன. ‘எக்ஸ்எஃப்சிஇ4’ என்பது முகப்பின் அடிப்படை உறுப்புகளை மட்டும் தரும். ‘சுபுண்டு-டெஸ்க்டாப்’ என்பது தனக்குரிய செயலிகள், படங்கள், அணிகள் அனைத்தையும் உடன் கொணரும். பழைய பொறிக்கு முன்னதே ஏற்றது என்பது எம் கருத்து.

நிறுவும்போது, நுழைவுத்திரையைக் காட்டும் பொறுப்பை ஜிடிஎம்முக்கு அளிப்பதா, லைட்டிஎம்முக்கு அளிப்பதா என்னும் வினா எழலாம். புதியோர் பலர் இவ்விடத்தில் அஞ்சி நிற்பர். இது முகப்பைத் தேர்வதன்று. வாயிற்காவலரைத் தேர்வது மட்டுமே. எதனைத் தேர்ந்தாலும் இரு முகப்புகளுக்கும் செல்லலாம். முன்பிருந்த ஜிடிஎம்மையே வைத்துக்கொள்வது எளிது.

நிறுவல் முடிந்தபின் பொறியை ஒருமுறை மீளத் தொடங்குக. நுழைவுத்திரையில் பயனர் பெயரைச் சொடுக்கியதும் கீழே வலப்புறத்தில் பற்சக்கரக் குறி தோன்றும். அதனைச் சொடுக்கி எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்து, பின்னர்க் கடவுச்சொல்லை இடுக. அத்தேர்வை அடுத்த முறையும் கணிப்பொறி நினைவிற்கொள்ளும். க்னோமுக்குத் திரும்ப விழைந்தால் அதே குறியில் ‘உபுண்டு’ என்பதனைத் தேர்ந்தால் போதும்.

கருத்திற் கொள்ள வேண்டியவை

முதலாவது, பட்டியில் ஒரே பணிக்குரிய செயலிகள் இரட்டிக்கும். கோப்புகளைக் காண இரண்டு, டெர்மினல் இரண்டு என அமையும். இதனால் தீங்கில்லை, சிறு குழப்பமே உண்டு.

இரண்டாவது, ஒரே பயனர் கணக்கில் இரு முகப்புகளையும் மாறி மாறிக் கையாண்டால், சில அமைப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற் கலத்தல் கூடும். படவுருவும் நிறமும் மாறித் தோன்றலாம். எனவே சோதனைக்கென்று தனியொரு பயனர் கணக்கைத் தொடங்கிப் பழகுதல் நன்று.

மூன்றாவது, நீக்கும்போதுதான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஆப்ட் தான் நீக்கவிருக்கும் தொகுப்புகளின் பட்டியலைக் காட்டி ஒப்புதல் கேட்கும். அதனைப் படியாமல் ஒப்புதல் அளித்தலாகாது. நுழைவுத்திரைக்குரிய நிரலும் அதனுடன் நீங்கினால் அடுத்த முறை வரைகலைத் திரை தோன்றாமற் போகலாம். அங்ஙனம் நேரினும் கோப்புகள் அழிவதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் எழுத்துத்திரை தோன்றும். அதில் நுழைந்து ஜிடிஎம்மை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

நான்காவது, எளிய முகப்பு தன் பங்கிற்குரிய சுமையை மட்டுமே குறைக்கும். இணைய உலாவி இரு முகப்புகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு நினைவகத்தையே கொள்ளும். இருபது பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்துவிட்டு முகப்பை நோதல் பொருந்தாது.

முடிவுரை

ஒரு பொறி பயனற்றது என்று தீர்ப்பதற்கு முன் அதன் முகப்பை மாற்றிப் பார்த்தல் தகும். அதற்காகும் செலவு சிறிதளவு வட்டிடமும் ஒரு மணி நேர உழைப்புமே. கணிப்பொறியியல் பயிலாத மாணவரும், நான்கு சொற்களும் ஒரு பற்சக்கரக் குறியும் அறிந்தால் இதனைச் செய்யலாம். முன்னைய முகப்பு அங்கேயே இருப்பதால், புதியது பிடிக்கவில்லையெனில் இழப்பும் இல்லை. நம் ஆய்வகங்களில் ஒதுக்கப்பெற்ற பொறிகளுள் ஒன்றிலேனும் இதனை மாணவர்கள் செய்து பார்ப்பாராக.